மூடப்பட்ட பானசாலையும் ஊராரின் பங்கும்

ஐக்கிய சங்க அங்கத்தினர்க்கான பாடம்

1. பாடத்தின் நோக்கம்

ஒவ்வோர் ஊரிலும் மாலைப்பொழுதில் ஜனங்கள் கூடிப் பேசுவதற்கென்று ஓரிடம் அமைந்திருக்கும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் அது கோயில் மண்டபமாகவோ, சாவடித் திண்ணையாகவோ, ஆலமரத்தடி மேடையாகவோ, தேநீர்க்கடைப் பலகையாகவோ இருக்கக் காணலாம். மழையும் விளைச்சலும் விலைவாசியும் அங்கேதான் பேசப்படுகின்றன. கூலிக்கு ஆள் வேண்டுவோரும் வேலை வேண்டுவோரும் அங்கேதான் சந்திக்கின்றனர். துக்கம் நேர்ந்தவன் வீட்டில் தனித்திருக்கப் பொறாமல் அங்கே வந்து உட்காருகிறான். அவ்விடம் யாருக்குச் சொந்தம் என்று ஒருவரும் விசாரிப்பதில்லை. என்றும் இருந்ததாகையால் இனியும் இருக்குமென்று எல்லோரும் நம்பியிருக்கின்றனர். ஒருநாள் கதவு சாத்தப்பட்டு, விற்பனை விளம்பரம் ஒட்டப்படும்போதுதான், அவ்விடத்தின்மீது ஊராருக்குப் பிரியம் உண்டேயன்றிப் பாத்தியதை இல்லை என்பது தெரியவருகிறது.

இங்கிலாந்து தேசத்தில் இவ்வாறு மூடப்பட்டவை பல. அங்கே ஊரார் கூடும் இடம் பெரும்பாலும் பானசாலையாகும். அப்படிப்பட்ட பானசாலைகள் எக்காரணங்களால் மூடப்பட்டன, அவற்றுள் இரண்டை ஊரார் எம்முறையால் தமதாக்கிக்கொண்டனர், அம்முறையில் உள்ள இடர்கள் யாவை என்பவற்றை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

இதனைக் கொண்டு மதுபானத்தைச் சிறப்பிப்பதாக எவரும் கருதலாகாது. ஐக்கிய இயக்கத்தின் முன்னோடிகளான ராச்டேல் நெசவாளர்கள் 1844ஆம் வருஷத்தில் வகுத்துக்கொண்ட நோக்கங்களுள், மது விற்காத விடுதியொன்றை ஏற்படுத்துவதும் ஒன்றாக இருந்தது. சேலம் ஜில்லாவில் 1937ஆம் வருஷம் அக்டோபர் 1ந் தேதி கள், சாராயக் கடைகள் மூடப்பட்டபோதும், கடையை மூடினாற்போதாது, மாலைப்பொழுதைக் கழிக்க வேறிடமும் வேண்டும் என்பது உணரப்பட்டு, தேநீர்க்கடை, பஜனை, விளையாட்டு முதலியவற்றிற்கு ஏற்பாடு செய்யப்பட்டது. ஆகவே கவனிக்கவேண்டியது கோப்பையில் ஊற்றப்படுவதை அன்று. கூடுமிடம் யாருடைய கையில் இருக்கிறது என்பதையேயாம்.

2. பானசாலையின் இயல்பு

ஆங்கிலேயர் 'பப்' என்று சுருக்கமாய் வழங்குவது 'பப்ளிக் ஹவுஸ்' என்பதாகும். பொது வீடு என்பது அதன் பொருள். பெயருக்கேற்ப அது பெரும்பாலும் ஒரு வீட்டைப்போலவே இருக்கும். கீழ்த்தளத்தில் கணப்படுப்பு எரியும் கூடமும், மேல்மாடியில் நடத்துவோர் குடும்பம் வசிக்கும் அறைகளும் உண்டு. வருவோரை நடத்துவோர் பெயர் சொல்லி அழைப்பர். மது அருந்தாதவரும் உணவுக்காகவும் பேச்சுத்துணைக்காகவும் வருவர். உடல்நலக் குறைவுக்கும் சாவுச்செலவுக்கும் வாரந்தோறும் சிறுதொகை சேர்த்துவந்த பரஸ்பர சகாய சங்கங்கள் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பெரும்பாலும் இத்தகைய கூடங்களிலேயே கூடின. தொழிலாளர் சங்கங்கள் பலவற்றின் தொடக்கக் கூட்டங்களும் அங்கேயே நிகழ்ந்தன. கிராமங்களில் தபாலாபீசும் மளிகைக்கடையும் மூடப்பட்ட பின்னர், அவ்வேலைகளைப் பானசாலையின் ஒரு மூலையிலேயே நடத்தும் ஏற்பாட்டை ஊக்குவிப்பதற்காக 2001ஆம் வருஷத்தில் ஒரு தனி ஸ்தாபனமே ஏற்பட்டது. ஆகவே ஒரு பானசாலை மூடப்படுவது ஒரு கடை மூடப்படுவதோடு முடிவதில்லை.

3. மூடப்பட்டதன் காரணங்கள்

பிரிட்டனில் 2000ஆம் வருஷத்தில் ஏறக்குறைய 60,000 பானசாலைகள் இருந்தன. 2019ஆம் வருஷத்தில் அவை ஏறக்குறைய 47,000 ஆகக் குறைந்துவிட்டன. இதற்குக் காரணம் ஒன்றன்று.

முதலாவது, உடைமை மாறியது. முன்னர்ப் பெரும்பாலான பானசாலைகள் பெரிய பீர் உற்பத்திக் கம்பெனிகளுக்குச் சொந்தமாயிருந்தன. ஒரு சிலர் கையிலேயே வியாபாரம் சிக்கியிருப்பதைத் தடுக்கும்பொருட்டு, 1989ஆம் வருஷத்தில் சர்க்கார் ஓர் உத்தரவு பிறப்பித்தனர். 2,000 பானசாலைகளுக்கு மேல் உடைய கம்பெனிகள், அந்த அளவுக்கு மேற்பட்டவற்றுள் பாதியைத் தம் கட்டினின்று விடுவிக்கவேண்டும் என்பது அவ்வுத்தரவு. ஆனால் விடுவிக்கப்பட்டவை ஊராரிடம் சேரவில்லை. பீர் உற்பத்தி செய்யாமல், கட்டிடங்களை மட்டும் ஆயிரக்கணக்கில் கடன் வாங்கி வாங்கிய புதிய கம்பெனிகள் தோன்றின. கடனுக்கு வட்டி கட்டவேண்டிய கம்பெனிக்குக் கூடத்தைவிட மனையே பெரிதாய்த் தோன்றியது.

இரண்டாவது, குத்தகைதாரரின் கட்டு. கம்பெனியிடம் பானசாலையைக் குத்தகைக்கு எடுத்தவர், வாடகை கொடுப்பதோடு, பீரையும் அக்கம்பெனி மூலமாகவே, அது வைத்த விலைக்கே வாங்கவேண்டும் என்ற நிபந்தனை பலவிடங்களில் இருந்தது. மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்கிய குடியானவன் தன் நிலக்கடலையை அவரிடமே, அவர் சொன்ன விலைக்கே போடவேண்டியிருப்பதை அறிந்தவர்க்கு இதன் கஷ்டம் விளங்கும்.

மூன்றாவது, பெருங்கடைகளில் பீர் மலிவாய்க் கிடைத்தமையால் பலர் வீட்டிலேயே அருந்தத் தொடங்கினர். நான்காவது, 2008 முதல் 2013 வரை பீர்மீது விதிக்கப்பட்ட வரி, விலைவாசி உயர்வுக்கு மேலும் நூற்றுக்கு 2 வீதம் ஆண்டுதோறும் ஏறிவந்தது. ஐந்தாவது, பொதுக்கட்டிடங்களுக்குள் புகைபிடித்தலைத் தடுக்கும் சட்டம் இங்கிலாந்தில் 2007 ஜூலை 1ந் தேதி அமுலுக்கு வந்தது. அது ஜனங்களின் ஆரோக்கியத்துக்கு நன்மையாயினும், வாடிக்கைக்காரர் சிலரைக் குறைத்தது. ஆறாவது, நகரங்களில் மனைவிலை ஏறியமையால், நன்றாய் நடந்த பானசாலைகளையுங்கூடக் குடியிருப்புகளாக மாற்றி விற்பதே அதிக லாபமாயிற்று.

இவற்றுள் கடைசியாய்க் கூறியது முக்கியமானது. வாடிக்கைக்காரர் இல்லாமல் மூடப்படுவது வேறு. வாடிக்கைக்காரர் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதே மூடப்படுவது வேறு. பின்னதைத் தடுக்கும் வழி வியாபாரத்தில் இல்லை, உடைமையில்தான் இருக்கிறது.

4. முதல் உதாரணம்: ஹெஸ்கட் நியூமார்க்கெட்

இங்கிலாந்தின் வடமேற்கில், கம்பிரியா ஜில்லாவின் மலைச்சாரலில் ஹெஸ்கட் நியூமார்க்கெட் என்னும் சிற்றூர் இருக்கிறது. அவ்வூரின் பானசாலைக்கு 'ஓல்டு கிரௌன்' என்று பெயர். அதன் பின்புறத்துக் களஞ்சியக் கொட்டகையில் 1988ஆம் வருஷத்தில் பீர் வடிக்கும் சிறுதொழில் ஒன்று தொடங்கப்பட்டது. அதனை நடத்தியவர் விலக விரும்பியபோது, ஊராரும் சுற்றுவட்டாரத்தாரும் 1999ஆம் வருஷத்தில் ஓர் ஐக்கிய சங்கமாகச் சேர்ந்து அத்தொழிலை விலைக்கு வாங்கினர்.

நான்கு வருஷங்களுக்குப் பின் பானசாலையும் விற்பனைக்கு வந்தது. வெளியூர்க் கம்பெனி ஏதேனும் வாங்கினால் ஊரின் கூடம் உருமாறிவிடும், அல்லது அடியோடு மறைந்துவிடும் என்று ஊரார் அஞ்சினர். ஆனால் முன்பே ஒரு முறை சேர்ந்து காரியம் செய்த பழக்கம் அவர்களுக்கு இருந்தது. 2003ஆம் வருஷத்தில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் ஆளுக்கு 1,500 பவுன் வீதம் பங்குத்தொகை செலுத்திப் பானசாலையை வாங்கினர். நூறு பேர் சேர்ந்தாலே 1,50,000 பவுன் ஆகும் என்பதை அங்கத்தினர் கணக்கிட்டுக் கொள்ளலாம். பிரிட்டனில் ஐக்கிய முறையில் ஊரார் வாங்கிய முதற் பானசாலை என்ற பெயர் இதற்கு ஏற்பட்டது.

இங்கே இரண்டு விஷயங்கள் கவனிக்கத்தக்கவை. யாவரும் சமமான தொகையே செலுத்தியமையால், பணம் மிகுந்த ஒருவர் பலருடைய குரலை அடக்க இடமில்லாமற் போயிற்று. இரண்டாவதாக, சங்கம் கட்டிடத்தைத் தன் வசம் வைத்துக்கொண்டு, அன்றாட வியாபாரத்தைத் தொழில் தெரிந்த ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டது. பாத்தியதை எல்லோருக்கும், நடத்தும் பொறுப்பு ஒருவருக்கு. வீட்டுச் சமையலில் பலர் கைவைத்தால் என்ன ஆகும் என்பதை அறிந்தவர்க்கு இவ்வேற்பாட்டின் நன்மை புலப்படும்.

5. சட்டம் தந்த அவகாசம்

ஹெஸ்கட் நியூமார்க்கெட் ஊராருக்குச் சேர்ந்து வாங்க அவகாசம் கிடைத்தது. எல்லா ஊர்களுக்கும் அது கிடைக்கவில்லை. பல இடங்களில் ஊரார் செய்தி அறிவதற்கு முன்பே விற்பனைப் பத்திரம் முடிந்துவிட்டது. இதனை உத்தேசித்து 2011ஆம் வருஷத்தில் இங்கிலாந்தில் ஸ்தல சுயாட்சி சம்பந்தமான ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி 2012 செப்டம்பர் 21ந் தேதி அமுலுக்கு வந்த விதிகளின் சாரம் வருமாறு:

(அ) ஊராருக்குப் பயன்படும் கட்டிடத்தையோ நிலத்தையோ 'சமூகத்துக்கு மதிப்புள்ள சொத்து' என்று பதிவு செய்யும்படி, ஊரைச் சேர்ந்த குழு ஸ்தல சபைக்கு மனுச் செய்யலாம். பதிவு 5 வருஷம் செல்லும்.

(ஆ) பதிவான சொத்தை விற்க விரும்பும் உடைமையாளர் ஸ்தல சபைக்கு முன்னறிவிப்புக் கொடுக்கவேண்டும்.

(இ) ஆறு வாரங்களுக்குள் ஊரார் குழு வாங்க விரும்புவதாகத் தெரிவித்தால், அறிவிப்பு நாள் முதல் ஆறு மாதம் வரை சொத்தைப் பிறருக்கு விற்கலாகாது.

(ஈ) ஆறு மாதத்துக்குப் பின், உடைமையாளர் தாம் விரும்பியவருக்கு விற்கலாம். ஊராருக்கே விற்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. விலையைக் குறைக்கவேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை.

இந்நான்காவது விதியை மறந்துவிட்டவர் ஏமாற்றம் அடைந்தனர். சட்டம் தந்தது காலம் மாத்திரமே. பணமும் ஒற்றுமையும் ஊரார் கொண்டுவரவேண்டியவை. பின்னர் 2017 மே மாதம் முதல், இங்கிலாந்தில் பானசாலையை இடிப்பதற்கும் வேறு உபயோகத்துக்கு மாற்றுவதற்கும் ஸ்தல சபையின் அனுமதி அவசியம் என்று விதி செய்யப்பட்டது. அதற்கு முன்னர் பலவித மாறுதல்களை அனுமதியின்றியே செய்ய இடமிருந்தது.

6. இரண்டாம் உதாரணம்: ஐவி ஹவுஸ்

லண்டன் நகரின் தென்கிழக்கில் நன்ஹெட் என்னும் பகுதியில் 'ஐவி ஹவுஸ்' என்ற பானசாலை உண்டு. 1930களில் கட்டப்பட்ட அதன் கூடம் மரப்பலகை வேலைப்பாடு உடையது. 1970களில் 'நியூலண்ட்ஸ் டாவர்ன்' என்ற பெயரோடு அது இசைக்கச்சேரிகளுக்குப் பேர்பெற்றிருந்தது.

2012 ஏப்ரலில், கட்டிடத்துக்கு உரிய கம்பெனி அதனைக் கைமாற்ற நிச்சயித்து, நடத்திவந்தவர்களுக்குச் சில நாள் தவணை மாத்திரமே கொடுத்துக் காலி செய்யச் சொல்லிற்று. பானசாலை மூடப்பட்டது. அது குடியிருப்புகளாக மாறுமென்றே எல்லோரும் எண்ணினர். அக்கம்பக்கத்தார் துக்கித்திருந்ததோடு நில்லாமல், முறைப்படி மூன்று காரியங்களைச் செய்தனர். முதலாவது, கட்டிடத்தின் சிறப்பை எடுத்துக்காட்டி, பாதுகாக்கப்படவேண்டிய பழங்கட்டிடங்களின் ஜாபிதாவில் அது சேர்க்கப்படச் செய்தனர். இரண்டாவது, மேற்கூறிய சட்டம் அமுலுக்கு வந்த சில நாட்களில், 2012 அக்டோபரில், சமூகத்துக்கு மதிப்புள்ள சொத்தாக அதனைப் பதிவு செய்வித்தனர். மூன்றாவது, சட்டம் தந்த அவகாசத்துக்குள் வாங்குவதற்கான பணத்தைத் தேடினர்.

பழங்கட்டிடங்களைக் காப்பதற்கென்று உள்ள ஒரு நிதியிலிருந்து கடனும், பொதுநல முயற்சிகளுக்கென உள்ள ஸ்தாபனத்திலிருந்து மானியமும் கிடைத்தன. 2013 மார்ச்சில் 8,10,000 பவுனுக்குக் கட்டிடம் வாங்கப்பட்டது. அன்றியும் 371 பேர் பங்கெடுத்து 1,42,600 பவுன் மூலதனம் சேர்த்தனர். சராசரி ஒருவருக்கு 400 பவுனுக்குச் சற்றுக் குறைவாகும். 2013 ஆகஸ்டில் பானசாலை மீண்டும் திறக்கப்பட்டது. புதிய உரிமையின்படி ஊரார் வாங்கிய முதற் கட்டிடம் இதுவேயாகும். மதுவிற்பனையோடு, இசை நிகழ்ச்சிகளுக்கும் வகுப்புகளுக்கும் குழந்தைகளோடு வருவோருக்கும் அக்கூடம் பயன்படலாயிற்று.

ஹெஸ்கட் நியூமார்க்கெட்டில் ஊராரின் பங்குப்பணமே பிரதானம். ஐவி ஹவுஸில் கடனும் மானியமும் பெரும்பகுதி. நகரத்து மனைவிலைக்கு முன்னால் பங்குப்பணம் மாத்திரம் போதவில்லை. ஆனால் அந்த 371 பேரின் பங்கு சிறிதென்று தள்ளத்தக்கதன்று. கடன் கொடுப்போர் முதலில் கேட்பது, கடன் கேட்போர் தம் கையிலிருந்து என்ன வைத்திருக்கின்றனர் என்பதே.

7. சங்கத்தின் அமைப்பு

இத்தகைய சங்கங்கள் பெரும்பாலும் ஐக்கிய சங்கங்களாகவோ, சமூக நன்மைச் சங்கங்களாகவோ பதிவு செய்யப்படுகின்றன. 2014ஆம் வருஷத்துச் சட்டம் இவ்விரண்டையும் வகுத்துக் கூறுகிறது. முன்னது அங்கத்தினரின் நன்மைக்காகவும், பின்னது ஊரார் அனைவரின் நன்மைக்காகவும் நடப்பது. தமிழ்நாட்டு ஐக்கிய சங்க அங்கத்தினர்க்கு இவற்றின் விதிகள் புதியனவாகத் தோன்றா.

அங்கத்தினர் ஒருவருக்கு ஒரே வோட்டு. பங்கு எத்தனை எடுத்தாலும் வோட்டு கூடாது. பங்குக்கு வட்டி உண்டாயினும் அது ஓரளவுக்கு உட்பட்டது. பங்குப்பணத்தைத் திரும்பப் பெற விரும்பும் அங்கத்தினர், சங்கத்தின் நிலைமை இடங்கொடுக்கும்போது, நிர்வாக சபையின் சம்மதத்தோடு பெறலாம். பங்கின் முகமதிப்பு ஏறாது. ஆகவே கொள்ளைலாபம் கருதி வருபவனுக்கு அங்கே வேலையில்லை. சமூக நன்மைச் சங்கத்தின் சொத்தை விற்றுப் பணத்தை அங்கத்தினர் பங்கிட்டுக்கொள்ளாதபடி உபவிதியில் பூட்டுப் போடவும் சட்டம் இடந்தருகிறது.

இச்சங்கங்களுக்கு ஆலோசனை கூறும் ஸ்தாபனங்களுள் ஒன்று, அயர்லாந்தில் பால்பண்ணைச் சங்கங்களை ஏற்படுத்திய ஸர் ஹொரேஸ் பிளங்கட் 1919ஆம் வருஷத்தில் நிறுவியதாகும். 2020ஆம் வருஷத்துக்குள் பிரிட்டனில் ஊராருக்குச் சொந்தமான பானசாலைகள் நூற்றுக்கு மேற்பட்டுவிட்டன. மூடப்பட்டவற்றின் தொகையோடு ஒப்பிட்டால் இது சிறிதே. ஆயினும், மூடப்பட்ட கதவை ஊரார் திறக்கக்கூடும் என்பதற்கு அந்நூறும் சாட்சியாகும்.

8. எச்சரிக்கைகள்

வாங்குவது ஒரு நாள் வேலை. நடத்துவது எந்நாளும் செய்யவேண்டிய வேலை. பங்கெடுக்கும்போது உண்டான உற்சாகம், கூரை ஒழுகும்போதும் வரவுசெலவுக் கணக்குப் பார்க்கும்போதும் இருப்பதில்லை. பங்குதாரர் கூடத்துக்கு வாராவிடில், பங்கு மாத்திரம் கதவைத் திறந்துவைக்காது. தம் சங்கத்துக் கடை இருக்க வேறு கடையில் சாமான் வாங்கும் அங்கத்தினர் உள்ள ஊரில், சங்கத்துக்கு நேரும் கதி யாவரும் அறிந்ததே.

ஊரார் சொத்து என்பதனால் ஊழியர் விஷயத்தில் அசிரத்தை கூடாது. ஐவி ஹவுஸில் 2018ஆம் வருஷத்தில், ஊழியர் சிலர் நீக்கப்பட்டதன் பேரில் மற்றவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். நிச்சயமான வேலைநேரம் இல்லாத ஒப்பந்தமும் அவர்களுடைய குறைகளுள் ஒன்று. நீக்கப்பட்டவர் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டு, தொழிலாளர் சங்கமும் அங்கீகரிக்கப்பட்டது. கம்பெனியின் அநீதியை எதிர்த்து எழுந்த சங்கம், தானே முதலாளியாகும்போது அதே அளவுகோலால் அளக்கப்படும்.

சர்க்கார் மானியத்தையே நம்பியிருத்தலும் தகாது. ஊரார் சொத்து வாங்குவதற்கு உதவும்பொருட்டு 2021ஆம் வருஷத்தில் 15 கோடி பவுன் கொண்ட ஒரு நிதி பிரிட்டிஷ் சர்க்காரால் ஏற்படுத்தப்பட்டது. 2024 டிசம்பரில் அது புதிய மனுக்களுக்கு மூடப்பட்டது. நிதி வரும், போகும். அங்கத்தினரின் சேமிப்புப் பழக்கமே நிலையானது.

எதிர்பாராத இடரும் உண்டு. கொள்ளைநோய் காரணமாக 2020 மார்ச் 20ந் தேதி எல்லாப் பானசாலைகளும் மூட உத்தரவாயின. இங்கிலாந்தில் ஜூலை 4ந் தேதிதான் திறக்க அனுமதி கிடைத்தது. மூன்றரை மாதம் வரவில்லாமல் தாங்குவதற்குச் சேமநிதி எவ்வளவு அவசியம் என்பதை அக்காலம் எல்லாருக்கும் கற்பித்தது.

9. பாடத்தின் சாரம்

ஊரார் ஓரிடத்தை நேசிப்பது அதனைக் காப்பதற்குப் போதாது. நேசம் பங்காக மாறவேண்டும். பங்கு சங்கமாக வேண்டும். சங்கம் பதிவு பெற்று, கணக்கு வைத்து, தணிக்கைக்கு உட்படவேண்டும். இவற்றை விற்பனை விளம்பரம் ஒட்டப்பட்ட பிறகு தொடங்குவது மிகக் கடினம். ஹெஸ்கட் நியூமார்க்கெட் ஊராருக்கு உதவியது நான்கு வருஷத்துக்கு முன் செய்த சிறு காரியத்தின் பழக்கமாகும். அதுபோலவே, ஒரு சிறு கடனுதவிச் சங்கத்தைச் செவ்வையாய் நடத்திய ஊரார்க்கு, நெற்களஞ்சியமும் வாசகசாலையும் பால் சேகரிக்கும் நிலையமும் கைக்கெட்டாதவை ஆகா. ஊர் கூடினால் தேர் நகரும்; ஆனால் வடம் முன்னரே திரித்து வைக்கப்பட்டிருக்கவேண்டும்.

சங்கக் கூட்டத்தில் ஆலோசிக்கத்தக்க வினாக்கள்

1. இவ்வூரில் ஜனங்கள் வழக்கமாய்க் கூடும் இடங்கள் யாவை? அவை ஒவ்வொன்றும் யாருக்குச் சொந்தம்? சர்வே நம்பரும் பத்திரமும் பார்க்கப்பட்டனவா?

2. அவற்றுள் ஒன்று அடுத்த மாதம் விற்பனைக்கு வந்தால், அச்செய்தி ஊராருக்கு முதலில் யார் மூலமாய்த் தெரியும்?

3. அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஒரே அளவு பங்கெடுப்பதிலும், சக்திக்குத் தக்கபடி வெவ்வேறு அளவு எடுப்பதிலும் உள்ள நன்மை தீமைகள் யாவை?

4. வாங்கிய சொத்தைச் சங்கமே நடத்துவது நல்லதா? தொழில் தெரிந்தவரிடம் குத்தகைக்கு விடுவது நல்லதா?

5. சங்கத்தின் சேமநிதி, வரவு இல்லாத எத்தனை மாதங்களைத் தாங்கும்?